இளவரசருக்கு எடுத்த ஆராத்தி

போன மாதம் எங்கள் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்கு ஓர் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஆள் உயரம் இருக்கும். வருகிறவர் அதன் முகத்தில் விரலால் தட்டினால் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, அறைச் சாவியை நாக்கு மாதிரி நீட்டும். முக்கியமாக, அதற்கு வியர்க்காது. அதே இடத்தில் நின்ற காலமெல்லாம் நான் மூன்று மொழியிலும் வியர்த்தவன். அது வந்த மாதமே நான் ஓய்வு பெற்றதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. என் சட்டைகளைத் தோய்த்து வந்த லோண்டரிக்காரர் மட்டும் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அது வருத்தமா நிம்மதியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பிரியாவிடைத் தேநீரின்போது வரவேற்பு மேசைப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள்.

"குகன் அண்ணை, உங்கட சேர்விஸில வந்த ஆகப் பெரிய ஆள் ஆர்?"

"ஒரு இளவரசர்," என்றேன்.

ஒரு பிள்ளைக்கு வாயில் கடித்திருந்த பற்றிஸ் புரைக்கேறியது. "கடைசி நாளாவது ஒரு உண்மையைச் சொல்லுங்கோவன் அண்ணை!"

வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவனுக்கு இதுதான் கூலி. ஆகவே எழுதி வைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உலகப் படத்தில் உடனே விரல் வைக்க உங்களால் முடியாது. அவ்வளவு சிறிய நாடு. அந்த இளவரசர் இப்போது அங்கே அரசர். அன்றைய எங்கள் மனேஜர் நஸீர் சேர் தெஹிவளையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "எழுதுங்க குகன். என்னயக் கொஞ்சம் ஒசரமா எழுதுங்க," என்றார். எனவே உயரமான நஸீர் சேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி போதும். பிறந்தது கொட்டாஞ்சேனை. கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய ஹோட்டலில் பெட்டி தூக்கினேன், மேசை துடைத்தேன், பரிமாறினேன், கோப்பைகள் உடைத்தேன். பிறகு வெள்ளவத்தைக்கு வந்து டியூட்டி மனேஜர் என்று சட்டையில் பெயர் குத்திக்கொண்டேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். என் வியாதியை எந்தப் பயிற்சியும் மாற்றவில்லை. பதற்றம் வந்தால் எனக்குக் கால் ஓடும், வாய் பகிடி விடும். இரண்டும் நான் கேட்டுச் செய்வதில்லை. பதற்றம் அதிகமானால் பகிடியின் தரமும் குறையும். என் மனைவி, "உங்கட பகிடியைக் கேட்டே வீட்டில என்ன பிரச்சினை எண்டு நான் கண்டுபிடிப்பன்," என்பாள்.

நஸீர் சேர் இதற்கு நேர்மாறு. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் என்றால் நாங்கள் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய சிக்கல் வந்தால் முதலில் பால் விடாத ஒரு பிளேன்டீ கேட்பார். அதை மேசையில் வைத்து, சீனியைக் கலக்கி, ஆறவிட்டு, கடைசி மிடறு வரை குடிப்பார். அதுவரை ஒரு சொல் வராது. குடித்து முடிக்கும்போது பாதிச் சிக்கல் தானாகவே தீர்ந்திருக்கும். மீதிக்கு வழி சொல்வார். ஹோட்டலில் அவர் பிளேன்டீ கேட்டார் என்ற செய்தி சமையலறையிலிருந்து மொட்டைமாடி வரை நொடியில் பரவும்.

அவர் எனக்குச் சொன்ன முதல் விதி: "குகன், ஓடுறவனக் கண்டா ஆக்கள் நெருப்புண்டு நெனப்பாங்க. என்ன நடந்தாலும் நடங்க." இரண்டாவது விதி: "விருந்தாளிக்கிட்ட கேள்வி கேக்க வாணாம். விருப்பத்தக் கேளுங்க. ஏன் வந்தீங்கண்டு கேட்டா அது பொலிஸ். என்ன குடிக்கிறீங்கண்டு கேட்டா அது ஹோட்டல்."

எங்கள் ஹோட்டலுக்கு முன்பக்கம் காலி நகருக்குப் போகும் காலி வீதி, பின்பக்கம் மரைன் டிரைவ். அதற்கப்பால் ரயில் பாதை, பிறகு கடல். கல்யாண வரவேற்புகள்தான் எங்கள் சோறு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், கோயிலில் தாலி கட்டுவார்கள், மதியம் எங்கள் மண்டபத்துக்கு விருந்துக்கு வருவார்கள். சொந்தபந்தம் எல்லாம் பல நாட்டில் சிதறிக் கிடப்பதால், வாசலில் ஆராத்தி எடுக்கச் சரியான ஆள் இருக்காது. அதனால் ஆராத்தியையும் நாங்களே பக்கேஜில் சேர்த்துவிட்டோம். படுக்கை விரிப்புகள் வைக்கும் லினன் அறையில் வேலை செய்யும் புஷ்பம் அக்காவும் இன்னொரு பெண்ணும் பட்டுச்சாறி கட்டி, தட்டில் சிவந்த மஞ்சள் தண்ணீர் கரைத்து, வாழைப்பழத் துண்டுகளில் திரி ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். மேளக்காரர் பக்கத்தில்.

ஆராத்தி எடுக்கிறவர் புருஷனோடு வாழ்கிறவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். புஷ்பம் அக்காவின் புருஷன் நீர்கொழும்பில் வேறு குடும்பமாக இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டாருக்குத் தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது, கையில் தட்டு இருந்தது, போதும். ஒருமுறை யாரோ இதை நஸீர் சேரிடம் கோள் சொன்னபோது அவர் கேட்டார்: "திரி பத்தவைக்கிறது நெருப்பா, புருஷனா?" அதோடு விஷயம் முடிந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் கையில் குடையோடு ஒரு வெளிநாட்டுக் கிழவர் வந்தார். மழை இல்லை. இளவரசரின் செயலாளர் என்று நஸீர் சேரின் அறையில் வைத்துச் சொன்னார். எனக்கு உடனே உள்ளங்கை ஈரமானது.

அவர் சொன்ன கதை இது. அவர்களுடைய பழைய அரசருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு பிசியோதெரபி மிஸ் தினமும் அரண்மனைக்குப் போய் அவரைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழக்கினார். அவர் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, பெயர் ஜெசிந்தா. அரசர் நடந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரே மகன் விழுந்தார். காதலில்தான்.

ஜெசிந்தா மிஸ் விவாகரத்தானவர், எட்டு வயதில் ஒரு மகன். அந்த நாட்டுச் சட்டப்படி, விவாகரத்தான பெண்ணை மணந்தால் இளவரசர் அரசராக முடியாது. விஷயம் அரண்மனைக்குத் தெரிந்ததும் மிஸ் வேலையை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் தன் அம்மாவுடனும் மகனுடனும் வந்து இருந்துவிட்டார். இளவரசரோ முடியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தயாராக நிற்கிறார். அரண்மனை நடுவழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறது: மிஸ்ஸின் முதல் கல்யாணம் செல்லவே செல்லாது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒப்பம் வைத்துக் கொடுத்தால், விவாகரத்தும் இல்லை என்றாகிவிடும். இருவரும் ஒரு மதியச் சாப்பாட்டில் சந்தித்து முடிவெடுக்க வேண்டும். அவர்கள் சேர்ந்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாது. ஒரு படம் வெளியே போனாலும் முடிவு அவர்கள் கையில் இருக்காது.

"பெரிய ஹோட்டல்களில் தூதரகக்காரர்கள் இருப்பார்கள். இங்கே யார் இருப்பார்கள்?" என்று செயலாளர் கேட்டார்.

"கல்யாண வீட்டார்," என்றார் நஸீர் சேர்.

"மிகவும் நல்லது. கல்யாண வீட்டார் பெண்ணைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை."

கிழவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

திட்டம் எளிமையானது. இளவரசரின் வான் வண்டி மரைன் டிரைவ் பக்கமாகப் பின்வாசலுக்கு வரும். சாமான் லிஃப்டில் மேல்மாடி தனியறைக்குப் போவார். ஜெசிந்தா மிஸ் த்ரீவீலரில் முன்வாசலால் சாதாரணமாக வருவார். அன்று மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. அதுவும் நல்லதுதான், கூட்டத்தில் கூட்டம். பெண் வெள்ளவத்தை, மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர். நான் புஷ்பம் அக்காவுக்குத் தெளிவாகச் சொல்லி வைத்தேன்:

"அக்கா, மாப்பிள்ளை எங்கட ஆள் இல்லை. வெளிநாட்டு முகம், வெளிர் நிற சூட். பக்கத்தில பட்டுச்சாறி. கண்டவுடனே எடுங்கோ. போன கலியாணத்தில ஆரெண்டு யோசிச்சு யோசிச்சு நிண்டு திரி அணைஞ்சு போச்சு. யோசிக்கவே கூடாது."

"நான் ஏன் யோசிக்கிறன் தம்பி? யோசிக்கிறதுக்கோ எனக்குச் சம்பளம்?"

பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இந்த அறிவுரைதான் அத்திவாரம்.

அன்று காலை மேடை அலங்காரம் ஏற்றி வந்த லொறி பின்வாசலுக்குள் பாதி நுழைந்து அச்சு முறிந்து படுத்துவிட்டது. ஒரு சைக்கிள் போக இடமில்லை. அதே நேரம் செயலாளரிடமிருந்து அழைப்பு: வான் பம்பலப்பிட்டி தாண்டிவிட்டது. வானை மரைன் டிரைவிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருக்கலாம். கடலைப் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். பதற்றமில்லாத ஒரு மனிதன் அப்படித்தான் செய்வான். நான் தொலைபேசியில், "முன்னுக்கு வாங்கோ! முன்னுக்கு!" என்று கத்தினேன்.

வான் முன்னுக்கு வந்தது. கறுப்பு வான். வெளிர் நிற சூட்டில் ஒருவர் இறங்கினார். அதே கணம் பின்னால் வந்து நின்ற த்ரீவீலரிலிருந்து அரக்குப் பட்டுச்சாறி கட்டிய ஒரு பெண் இறங்கினார். ஜெசிந்தா மிஸ் ஏன் பட்டுச்சாறியில் வந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டு, நடைபாதையில் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

புஷ்பம் அக்கா யோசிக்கவில்லை.

மேளம் வெடித்தது. நாதஸ்வரம் தலைக்கு மேல் போனது. வீடியோக்காரத் தம்பி பின்னோக்கி நடந்து படம் பிடித்தான். நேரத்தோடு வந்திருந்த விருந்தினர் சிலர் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். புஷ்பம் அக்காவும் மற்றப் பெண்ணும் தட்டைப் பிடித்து, திரிச் சுடர் அசைய, இளவரசரையும் ஜெசிந்தா மிஸ்ஸையும் சுற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். நஸீர் சேரின் முதல் விதி நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. ஓடினேன். வாசலில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மடிப்பு என் காலைப் பிடித்தது. மேளக்காரரின் முன் குப்புற விழுந்தேன். அவர் நல்ல கலைஞர். ஓர் அடி கூடத் தவறவில்லை.

கீழே கிடந்தபடியே பார்த்தேன். இளவரசர் அசையவில்லை. கைகளை முன்னால் கோத்து, கண்ணைச் சுடரில் வைத்து, முதுகு நேராக நின்றார். தட்டு மூன்று முறை சுற்றி முடிந்தது. புஷ்பம் அக்கா விரலைத் தண்ணீரில் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனபோது, அவர் கைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் தலை குனிந்தார். பொட்டு விழுந்ததும் ஆங்கிலத்தில், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். "புஷ்பம்," என்றார் அக்கா, வெட்கப்பட்டு. ஹோட்டலின் வரவேற்பு முறை இதுதான் என்று இளவரசர் நினைத்திருக்கிறார்.

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு அப்படி நினைக்க வழியில்லை. வேதக்காரப் பிள்ளைதான், மாதா கோயிலுக்குப் போகிறவர்; ஆனாலும் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவருக்கு ஆராத்தி யாருக்கு எடுப்பது என்று தெரியாதா? 'இது நாங்கள் இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் நின்றார், பொட்டை வாங்கினார்.

நஸீர் சேர் நடந்து வந்தார். தட்டு சுற்றி முடியும் வரை கைகட்டி நின்றார். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்து இருவருக்கும் தானே தெளித்து, "வாங்க," என்று லிஃப்ட் வரை கூட்டிப் போய் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது: "ஓடினீங்க."

உண்மையான மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தாயார், "என்ன, மேளம் இப்பவே அடிச்சு முடிச்சிட்டியளோ?" என்று பதறினார். என் வாய் தானாகத் திறந்தது. "இல்லை அம்மா, அது ரிகர்சல். எங்கட ஹோட்டலில ஆராத்தி ஒருநாளும் ரிகர்சல் இல்லாமல் எடுக்கிறேல்லை." அந்தம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியளோ, இவையள் எவ்வளவு ஒழுங்கு!" என்றார். புஷ்பம் அக்கா புதுத் திரி போட்டார்.

நஸீர் சேர் பிளேன்டீ கேட்டார்.

அதைக் கடைசி மிடறு வரை குடித்துவிட்டு வீடியோக்காரத் தம்பியிடம் நடந்து போனார். நான் பின்னால் நொண்டினேன்.

"தம்பி, முதல்ல எடுத்தீங்களே, அது எப்பிடி வந்தீக்கு?"

"சூப்பரா வந்திருக்கு சேர். பொம்பிளை மாப்பிள்ளை இல்லையெண்டு பிறகுதான் விளங்கினது. ஆனா அந்த ரெண்டு பேரிட முகம் இருக்கே..."

"அவங்க நம்ம விருந்தாளி. அவங்கட மொகம் அவங்களுக்குத்தான் சொந்தம். என்ன செய்ய விரும்புறீங்க?"

விருப்பத்தைத்தான் கேட்டார். தம்பி எங்கள் முன்னாலேயே அழித்தான். அவனுக்கு முதல் பந்தியில் இடம் கிடைத்தது.

மேல்மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியவன் நான். வேறு யாரையும் அனுப்பக் கூடாது என்பது ஏற்பாடு. செயலாளர் அறைக்கு வெளியே குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே போனேன். இருவரும் மேசைக்கு எதிரெதிரே இருந்தார்கள். நெற்றியில் பொட்டுகள் காய்ந்து கறுத்திருந்தன. நடுவில் அரண்மனைக் காகிதம், மூடிய பேனா. நொண்டிக்கொண்டே போய்த் தட்டை மேசையில் வைத்தேன்.

ஜெசிந்தா மிஸ் என் காலைப் பார்த்தார். "அண்ணை, நீங்கதானே கீழ விழுந்தது? அந்தக் காலை ஏன் அப்பிடி வைக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை மிஸ். பிறந்ததிலயிருந்து இப்பிடித்தான்."

"பொய். கதிரையில இருங்கோ."

"ஐயோ, விருந்தாளிக்கு முன்னால..."

"இருங்கோ எண்டு சொன்னன்!"

ஓர் அரசரை நடக்க வைத்த குரல் அது. இருந்தேன். சப்பாத்தைக் கழற்றினார். என் காலுறையில் ஓட்டை இருந்தது, அதற்கும் வியர்த்தேன். மிஸ் கணுக்காலைத் திருப்பிப் பார்த்து, "ஐஸ்," என்றார். இளவரசர் எழும்பிப் போய் வாளியிலிருந்து ஐஸ்கட்டியைக் கைதுடைக்கும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என் பக்கத்தில் முழங்காலில் இருந்து பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பிடித்துப் பழகிய கை. நான் கூரையைப் பார்த்தேன். அவர்களுடைய வாழ்க்கை என் கணுக்காலுக்கு மேலே, ஆங்கிலத்தில், தணிந்த குரலில் தீர்மானிக்கப்பட்டது. எழும்பிப் போக எனக்கு அனுமதி இல்லை.

"இதில் நீ ஒப்பம் வைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்," என்றார் இளவரசர்.

"தெரியும். என் மகன் ஒருநாள் கேட்பான், இல்லாத கல்யாணத்தில் நான் எப்படி அம்மா பிறந்தேன் என்று. அந்தக் கல்யாணம் நடந்தது. நான்தான் வெளியே வந்தேன். அதை அழித்து எழுதமாட்டேன்."

"அப்படியானால் நாளைக்கு அப்பாவிடம் சொல்கிறேன், முடி வேண்டாம் என்று. முடிந்தது."

மிஸ் என் கால்விரலை மெல்ல மடக்கினார். "அதற்குச் சரி என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். த்ரீவீலரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்."

இளவரசர் நிமிர்ந்தார். "பிறகு?"

"கீழே அதைச் செய்தார்களே, அது என்ன தெரியுமா?"

"வரவேற்பு."

"மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் செய்கிற வரவேற்பு."

ஐஸ் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் ரயில் பாதையில் தெஹிவளைப் பக்கமாக ஒரு கோச்சி போனது. அது போய் முடியும் வரை மூவரும் காத்திருந்தோம்.

"தெரிந்துகொண்டுதான் நின்றேன்," என்றார் மிஸ். "நின்று உங்களைப் பார்த்தேன். மேளம் வெடிக்கிறது, முன்பின் தெரியாத கூட்டம் நெருக்குகிறது, இந்த அண்ணன் வந்து காலடியில் விழுகிறார். உங்களுக்கு இமை அசையவில்லை. அந்த அக்காவின் கைக்கு எட்டுகிற அளவுக்குத் தலை குனிந்து, அவர் பெயரைக் கேட்டீர்கள். அங்கே அரண்மனை வாசலில் சனங்கள் மனுக்கொடுக்க வரும்போதும் இப்படித்தான் நிற்பீர்கள். அது உங்களுக்கு வேலை இல்லை. நீங்களே அதுதான். இங்கே வந்து ஒரு ஃபிளாட்டில் என்னோடு இருந்தால், யாருக்கு முன்னால் அப்படி நிற்பீர்கள்?"

"நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்."

"அதுதான். சொல்லமாட்டீர்கள். தினமும் சொல்லாமல் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை அப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன்."

இளவரசர் ஐஸ் துணியைத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். என் வியாதி விடவில்லை. "இல்லை சேர்," என்றேன். "ஆராத்தியைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டாம். அது எங்கள் பக்கேஜில் அடக்கம். தனிக் கட்டணம் இல்லை."

என் வேலை போனது என்று நினைத்தேன். மிஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு அவர். இருவரும் என் காலைப் பிடித்துக்கொண்டே, தோள் குலுங்கச் சிரித்தார்கள். எங்கேயோ ஓரிடத்தில் மிஸ்ஸின் சிரிப்பு வேறாக மாறியது. நான் திரும்பவும் கூரையைப் பார்த்தேன்.

சாப்பாடு ஆறிப்போனது. செயலாளர் உள்ளே வந்தபோது காகிதம் வெறுமையாகவே கிடந்தது. கிழவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். மிஸ்ஸுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, தலை தாழ்த்தி வணங்கினார். லொறியை இழுத்துவிட்டார்கள் என்று கீழேயிருந்து செய்தி வந்தது.

இளவரசர் தன் கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்தார். அதன் முதுகிலிருந்து கையை எடுக்கத்தான் நேரம் பிடித்தது.

"அப்பாவுக்குச் சொல்லுங்கள்," என்றார் மிஸ். "படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நொந்த கால் முதலில். நான் இல்லையென்று ஏமாற்றக் கூடாது."

"சொல்கிறேன்."

அவ்வளவுதான். இளவரசர் பின்வாசலால் போனார். மிஸ் யன்னலுக்குப் போகவில்லை. நான் மட்டும் எட்டிப் பார்த்தேன். வானில் ஏறுமுன் அவர் மேலே பார்த்தார். யன்னலில் என் முகம் தெரிந்தது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்.

மிஸ்ஸை நான் படியால் இறக்கிக் கூட்டி வந்தேன். லிஃப்டில் கல்யாணக் கூட்டம். நொந்த காலை முதலில் வைத்து இறங்கினேன். வழியில் லினன் அறை வாசலில் புஷ்பம் அக்கா நின்றார். யாருக்கு எடுத்தோம் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ," என்றார். "இவர்தான் யோசிக்காம எடு எண்டு சொன்னவர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் தனியத்தான். இது சும்மா கழுத்தில கிடக்குது."

மிஸ் அவர் கையைப் பிடித்தார். "நீங்க எடுத்ததுதான் அக்கா சரி."

வாசலுக்கு வந்தோம். த்ரீவீலரை மறித்துவிட்டு, கைதுடைக்கும் கடதாசி ஒன்றை நீட்டினேன். "மிஸ், நெத்தியில பொட்டு... அம்மா கேப்பா."

"வேண்டாம் அண்ணை. கலியாண வீட்டுக்குப் போறன் எண்டுதான் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு, இந்தச் சாறியையும் கட்டிக்கொண்டு வந்தனான். பொட்டோட போனாத்தான் நம்புவா."

த்ரீவீலருக்குள் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "அந்த வீடியோ?"

"அழிச்சாச்சு மிஸ். ஒருத்தரும் பாக்கேல்லை. சத்தியமா."

"நல்லது." தலையை உள்ளே இழுக்காமலே, "நல்லா வந்திருந்ததாமோ?"

"ஓம் மிஸ். நல்லா வந்ததெண்டு அந்தத் தம்பி சொன்னவன்."

தலையை ஆட்டினார். த்ரீவீலர் காலி வீதி பஸ்களுக்கு நடுவில் நுழைந்து கோட்டைப் பக்கம் போனது. அவர் நெற்றியைத் துடைத்ததாகத் தெரியவில்லை.

பெண்ணின் தாயார் பலகாரப் பைகள் அடுக்கிய தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, ஆர் அந்தப் பிள்ளை? சாப்பிடாமல் போறா போல கிடக்கு. எங்கட பொம்பிளை பகுதியில நான் காணேல்லை. மாப்பிள்ளை பகுதியோ?"

என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

"ஓம் அம்மா," என்றேன். "மாப்பிள்ளை பகுதிதான்."

அந்தம்மா வீதிவரை வந்து, போய்விட்ட த்ரீவீலரின் திக்கில் பலகாரப் பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். ஓடவில்லை. நஸீர் சேர் மேசையில் இரண்டு பிளேன்டீ வைத்துக் காத்திருந்தார்.